விளக்குக்கு ஒரு நீதி, அடுப்புக்கு ஒரு நீதி

விறகடுப்பைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதை எல்லாம் மூக்கும் நாக்குமே எழுதுகின்றன. நுரையீரல் எழுதியதாகத் தெரியவில்லை. மண்சட்டியில் கொதித்த மீன்குழம்பு, வடித்த கஞ்சியின் மணம், விடிகாலையில் ஓட்டுக்கூரையின் இடுக்குகளில் கசிந்து மேலேறும் புகை என்று நினைவோடைகள் நீள்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்து உணவகங்கள் 'விறகடுப்புச் சமையல்' என்று பலகை வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. அந்தப் புகைக்கு மறுபுறம் ஊதாங்குழலோடு குந்தியிருந்தவள் யார், அவள் கண்கள் ஏன் எப்போதும் சிவந்து நீர் வடிந்தன, ஐம்பது வயதுக்குள் நான்கு படி ஏறினால் அவளுக்கு ஏன் மூச்சு வாங்கியது என்ற கேள்விகள் அந்த எழுத்துகளில் வருவதே இல்லை.

ருசியைப் பற்றி நாம் இங்கே சண்டை பிடிக்கப் போவதில்லை. விறகில் வெந்த குழம்பு சுவையாக இருக்கலாம். சமைப்பவரே விரும்பி என்றோ ஒரு நாள் மூட்டும் அடுப்பைப் பற்றியும் நமக்குப் புகார் இல்லை. நம் கேள்வி வேறு. இந்த நாட்டில் ஒரே வீட்டுக்குள் எரிந்த இரண்டு நெருப்புகளில் ஒன்று ஏறத்தாழ முற்றாக மறைந்துவிட்டது. மற்றொன்று இன்னும் எரிகிறது. விளக்கு மாறியது, அடுப்பு மாறவில்லை. ஏன்?

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019க்கும் 2021க்கும் இடையே நடத்தப்பட்டது. அதன்படி இந்திய மக்களில் 96.8 விழுக்காட்டினர் மின்னிணைப்பு உள்ள வீடுகளில் வாழ்ந்தார்கள். அதே ஆய்வில், சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்திய குடும்பங்கள் 58.6 விழுக்காடு. கிராமப்புறத்தில் மட்டும் பார்த்தால் 43.2 விழுக்காடு. அதாவது, மின்விளக்கு எரியும் ஊர்ப்புற வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அந்த விளக்கின் கீழேயே விறகும் சுள்ளியும் வறட்டியும் எரிந்துகொண்டிருந்தன. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளம்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

மண்ணெண்ணெய் விளக்கை வெளியேற்றியதற்குக் காரணங்கள் போதுமான அளவுக்கு இருந்தன. சிம்னியும் காடா விளக்கும் தந்தது வெளிச்சத்தில் ஒரு துளி, மிச்சமெல்லாம் கரி. திரி விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 விழுக்காடு வரை கரித்துகளாக மாறுகிறது என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. விளக்கு கவிழ்ந்து எரிந்த குடிசைகளுக்குக் கணக்கே இல்லை. ஆகவே மின்கம்பி போன ஊரிலெல்லாம் மக்கள் விளக்கை விட்டார்கள். அப்போது எவரும் 'பழக்கம்' என்ற சொல்லை எடுக்கவில்லை. சிம்னி வெளிச்சத்தில் படித்தால்தான் பாடம் மனத்தில் நிற்கும் என்று யாரும் வாதாடவில்லை. அரிக்கேன் விளக்கின் மஞ்சள் ஒளியில் நம் பண்பாடு இருக்கிறது என்று யாரும் மின்வாரியத்துக்கு மனு எழுதவில்லை.

அடுப்பு என்று வந்ததும் எத்தனை சொற்கள்! கிராமத்துப் பெண்களுக்கு விறகுதான் பழக்கம், அவர்கள் வாயுவைக் கண்டு அஞ்சுகிறார்கள், களியும் கூழும் விறகில்தான் கிண்ட வரும், புகை இருந்தால் கூரையில் பூச்சி அண்டாது, விறகு இலவசம். இவற்றைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் தம் வீட்டில் ஒரு நாள்கூட அடுப்பு ஊதியவர்கள் அல்லர். 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்ற பழமொழியை எதிர்த்து நம்மவர்கள் நூறாண்டாக மேடை ஏறியிருக்கிறார்கள். அதில் படிப்பைத்தான் எடுத்துப் பேசினார்கள். 'அடுப்பூதும்' என்ற அடைமொழி தொடப்படாமல் அப்படியே கிடந்தது.

விளக்குக்கும் அடுப்புக்கும் தொழில்நுட்ப வேறுபாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கம்பியை ஒருமுறை இழுத்துவிட்டால் ஒரு பல்புக்குத் தேவைப்படும் மின்சாரம் சொற்பம். அடுப்புக்கோ பன்மடங்கு ஆற்றல் வேண்டும். எரிபொருளை மாதாமாதம் வாங்க வேண்டும். ஆனால் இந்த வேறுபாடு செலவைப் பற்றியது. செலவைச் செலவென்று சொல்லாமல் பழக்கம் என்று சொல்வதுதான் மோசடி. விளக்கின் வெளிச்சம் திண்ணைக்கும் கூடத்துக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கும் விழுகிறது. புகை ஒருத்தியின் முகத்தில் மட்டும் அடிக்கிறது. அவள் இடுப்பிலும் முதுகிலும் ஒட்டியிருக்கும் குழந்தையின் மூச்சில் மிச்சம் இறங்குகிறது. வீட்டில் பணத்தை எடுத்துக் கொடுப்பவருக்கும் புகையை உள்ளே இழுப்பவருக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. சமையலறைச் சுவர் கறுத்ததும், கூடத்துச் சுவர் வெள்ளையாக இருந்ததும் இதற்குச் சாட்சி.

அந்தப் புகை எத்தகையது என்பதில் இன்று ஐயம் ஏதுமில்லை. காற்றோட்டமற்ற அடுப்படியில் நுண்துகள்களின் அளவு ஏற்கத்தக்க அளவைப்போல் நூறு மடங்கு வரை போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் உலகெங்கும் நேர்ந்த மரணங்கள் 32 லட்சம் என்று அது மதிப்பிட்டது. அதில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 2,37,000 பேருக்கு மேல். இருதய நோய், பக்கவாதம், நிமோனியா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, நுரையீரல் புற்றுநோய் என்று காரணங்களின் பட்டியல் நீள்கிறது. ஒரு பீடியும் பிடிக்காத பாட்டிக்குப் பீடி பிடித்தவரின் நெஞ்சு எப்படி வந்தது என்பதற்கு விடை அவள் வீட்டு மூலையிலேயே மூன்று கல்லாக இருந்தது.

*

இந்த இரண்டு நெருப்புகளையும் ஒன்றாக வைத்து யோசித்தவர் நம்மவர் ஒருவர் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வார்தாவின் மகன்வாடியிலிருந்து அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். அங்கே இரண்டு பொருள்கள் உருவாயின. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' ஒன்று. புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் 'மகன் சூலா' என்ற அடுப்பு மற்றொன்று. கிராமத்து வீட்டின் இருட்டும் புகையும் சேர்ந்தே தீர வேண்டியவை என்ற எண்ணம் அந்த இடத்தில் இருந்தது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். விளக்கு மகன் தீபத்தோடு நிற்கவில்லை. மேலான திரியும் மேலான கண்ணாடியும் கொடுத்துவிட்டுக் கிராமத்துக்கு இது போதும் என்று அரசு சொல்லவில்லை. மின்சாரம் கொண்டுவருவதுதான் முன்னேற்றம் என்றது. அடுப்போ மகன் சூலாவின் வழியிலேயே அரை நூற்றாண்டு நின்றது. 1950களில் ஐதராபாத்திலிருந்து இன்னொரு புகையில்லா அடுப்பு வந்தது. 1980களில் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கென்றே தேசியத் திட்டம் தொடங்கி, 2002 வரை நடந்தது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டதாகக் கணக்கு. அவற்றில் எத்தனை இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டின? குழாய் அடைத்தது, மண் வெடித்தது, வாய் பெரிதான சட்டி உட்காரவில்லை. சரிசெய்ய ஆள் வரவில்லை.

ஒடிசாவில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அத்தகைய அடுப்புகளை வழங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வு ஒன்று உண்டு. ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் செய்தது. முதல் ஆண்டில் புகை குறைந்தது. அதன்பின் குறைவு எதுவும் எஞ்சவில்லை. உடல்நலத்திலும் மாற்றம் தென்படவில்லை. பராமரிப்பு இல்லை, பயன்பாடு குறைந்தது. பெண்களுக்கு அக்கறை போதவில்லை என்று இதற்கு ஒரு விளக்கம் கூறப்படலாம். பாதிப் புகைக்கு முழு நன்றி எதிர்பார்த்த திட்டம் தோற்றது என்பது நம் விளக்கம்.

*

2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பத்தில் பெண்ணின் பெயரில் எரிவாயு இணைப்பு. 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகள். பின்னர் பத்துக் கோடியைத் தாண்டியது. இந்தச் சாதனையைச் சிறியதென்று சொல்ல நாம் தயாரில்லை. அதற்கு ஒன்பதாண்டு முன்பே, 2007இல், தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பையும் அடுப்பையும் இலவசமாக வழங்கத் தொடங்கிவிட்டது. 'இலவசம்' என்று அன்று ஏளனம் செய்தவர்கள் ஓர் எண்ணை நினைவில் கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் உஜ்வலா வருமுன்பே தூய எரிபொருளில் சமைத்த குடும்பங்கள் 73 விழுக்காடு. நாடு முழுமைக்கும் அப்போது 43.8. ஐந்தாவது ஆய்வில் தமிழ்நாடு 82.9ஐ எட்டியது. இலவசங்களைக் கேலி செய்து எழுதப்பட்ட கட்டுரைகளுள் ஒன்றாவது இந்த நுரையீரல்களை எண்ணிப் பார்த்திருக்கிறதா?

ஆனால் இணைப்பு என்பது அடுப்பைத் தருகிறது. நெருப்பைத் தருவதில்லை. நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019இல் அளித்த அறிக்கை இதைக் கூசாமல் சொன்னது. ஓராண்டுக்கு மேல் இணைப்பு வைத்திருந்த உஜ்வலா குடும்பங்கள் 2018 டிசம்பர் நிலவரப்படி ஆண்டுக்குச் சராசரியாக வாங்கிய சிலிண்டர்கள் 3.21. நான்கைந்து பேர் உள்ள வீட்டில் எல்லாச் சமையலுக்கும் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஆண்டில் நான்கைந்து மாதம் ஓடும். எஞ்சிய மாதங்களில் அந்தச் சிவப்பு உருளை மூலையில் நின்று வேடிக்கை பார்க்க, பக்கத்தில் விறகு எரிந்திருக்கிறது. விருந்தாளி வந்தால் காப்பி போட, மழையில் விறகு நனைந்தால் சோறு பொங்க என்று வாயு பத்திரப்படுத்தப்பட்டது. இலக்கு எட்டப்பட்டதென விழா கொண்டாடியவர்கள் எண்ணியது இணைப்புகளை. எண்ணியிருக்க வேண்டியது சிலிண்டர்களை.

2023 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை 1,118 ரூபாய் 50 காசு. அதே மாதம் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலையின் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 294 ரூபாய். ஏறத்தாழ நான்கு நாள் கூலி, ஒரே கையாக, ரொக்கமாக. அன்று உஜ்வலா குடும்பத்துக்கு 200 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் முழு விலையையும் முதலில் கொடுத்தால்தான் மானியம் பின்னர் வங்கிக்கு வரும். அன்றன்றைக்குக் கூலி வாங்கி அன்றன்றைக்கு அரிசி வாங்கும் வீட்டில், 'பின்னர் வங்கிக்கு வரும்' என்பதற்கு 'வராது' என்பதைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது. முதல் கட்டத்தில் இதைவிடக் கொடுமை நிகழ்ந்தது: அடுப்புக்கும் முதல் சிலிண்டருக்கும் கடன் கொடுத்து, அந்தக் கடனை மானியத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். பரம ஏழைகளே சந்தை விலை கொடுத்தார்கள்.

விறகு இலவசம் என்று சொல்கிறார்களே, அதைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். சீமைக்கருவேல முள்ளை வெட்டி, காயவைத்து, தலைச்சுமையாக வீடு கொண்டுசேர்க்க அரை நாள். வறட்டி தட்ட ஒரு காலை. கரிப்பிடித்த பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்க்க நாளும் அரை மணி. அந்த நேரத்துக்குக் கூலி இல்லை என்பதால் விறகுக்கு விலை இல்லை என்று ஆகிவிட்டது. பெண்ணின் உழைப்பைச் சுழியம் என்று எழுதிக் கணக்குப் போட்டால் எந்தக் கணக்கிலும் விறகுதான் வெல்லும்.

*

இது பழக்கமா, பணமா என்ற கேள்வியைச் சோதித்துப் பார்த்த களம் தமிழ்நாட்டிலேயே உண்டு. கவுதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதியைச் சென்னைப் போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் நடத்தினார்கள். களங்கள் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும், பதினெட்டு மாதத்துக்கு வேண்டிய வாயு முழுவதும், விலையின்றி வீட்டுக்கே வந்தன. விளைவு என்ன? அவர்கள் ஏறத்தாழ முற்றாகவே விறகை விட்டார்கள். கருவுற்ற காலத்தில் அவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம். விறகிலேயே தொடர்ந்தவர்களுக்கு அது 70.7. கருவேல முள்ளின் ருசியை நினைத்து ஏங்கி அவர்கள் பழைய அடுப்புக்குத் திரும்பவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்ததாகச் சொல்லப்பட்ட பழக்கம், வாயு தடையின்றி வந்ததும் சில வாரங்களில் காணாமல் போயிற்று.

இந்த ஆய்வின் மறுபக்கத்தை நாம் மறைக்கப் போவதில்லை. 2022இல் வெளியான முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் எடையில் இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2024இல் வந்த முடிவு, குழந்தைகளின் கடும் நிமோனியாவிலும் வேறுபாடு இல்லை என்றது. அப்படியானால் வாயு எதற்கு என்று கேட்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இரண்டு. முதலாவது, கருவுற்ற பிறகு ஒரு வீட்டில் மட்டும் அடுப்பை மாற்றுவதும், ஊர் முழுதும் ஆயுள் முழுதும் புகையின்றி இருப்பதும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டுப் புகைக்குச் சுவர் தெரியாது. இரண்டாவது, புகை நீங்குவதற்குப் பெண் எதற்காகத் தன் குழந்தையின் எடையைச் சான்றாகக் காட்ட வேண்டும்? கூடத்தில் மின்விளக்கு போட்டபோது அதனால் பையனின் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தது என்று நிரூபிக்கச் சொன்னார்களா? கண் எரியாமல் ஒரு வேளைச் சோறு பொங்குவது தன்னளவிலேயே போதுமான நியாயம்.

எரிவாயுவும் மண்ணுக்கடியிலிருந்து வரும் எரிபொருள்தானே, அதில் பெரும்பகுதி இறக்குமதிதானே, புவி வெப்பமாகும் காலத்தில் இதைப் பரப்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கவலை, தவறான முகவரி. 1980களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களில் அடுப்படிப் புகையை அளக்கத் தொடங்கிய கிர்க் ஸ்மித், 2002இல் 'சயன்ஸ்' இதழில் இதே கேள்விக்குப் பதில் எழுதினார். உலகின் பெட்ரோலியத்தில் மிகச் சிறு பங்கே போதும் ஏழைகளின் சமையலுக்கு. சிக்கனத்தை அவர்களிடமிருந்து தொடங்கச் சொல்வது அறமாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். சரிவர எரியாத விறகு கரித்துகளையும் மீத்தேனையும் கக்குகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் விறகின் பசுமை வேடம் கலைந்துவிடும். இறக்குமதி பற்றிய கவலை உண்மையென்றால் மின்னடுப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு மின்சாரத்தில் இரு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மின்னடுப்பில் சமைக்கும் ஏழை வீட்டுக்கு அந்த வரம்பை உயர்த்துவது புதிய கண்டுபிடிப்பு எதையும் கோரவில்லை.

இது ஏழைப் பெண்ணின் துயரம் மட்டுமே என்று எண்ணி நகரவாசிகள் உச்சுக்கொட்டிவிட்டு நகரவும் முடியாது. அடுப்படிப் புகை அடுப்படியிலேயே தங்குவதில்லை. வீடுகளில் எரியும் எரிபொருளின் புகையை மட்டும் முற்றாக நீக்கினாலே இந்தியாவின் சராசரி நுண்துகள் அளவு தேசிய வரம்பான 40 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கிவிடும் என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. வாகனத்தையும் ஆலையையும் தொடாமலே. ஆண்டுதோறும் தலைநகரின் மூச்சுத்திணறலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அந்த மாசில் ஒரு பங்கு கங்கைச் சமவெளியின் இலட்சக்கணக்கான அடுப்புகளிலிருந்து மேலேறியது என்பதை ஒரு பத்தியிலாவது சொல்லலாம்.

*

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. அரசுகள் இணைப்புகளை எண்ணுவதை விட்டு, ஏழை வீடுகள் ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் வாங்கின என்பதை மாவட்டந்தோறும் வெளியிட வேண்டும். மானியத்தைப் பின்னர் வங்கியில் போடாமல், சிலிண்டரை வாசலில் இறக்கும்போதே விலையில் கழித்துக்கொண்டு, நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்களுக்கு ஐந்து கிலோச் சிறிய சிலிண்டர் மளிகைக்கடைத் தொலைவில் கிடைக்க வேண்டும்.

நான்காவது ஒன்று உண்டு, அது எழுதுபவர்களிடம். ஊரக வாழ்வை எழுதும் தமிழ்ப் புனைவில் புகை ஒரு சூழல் வருணனையாகவே வந்துபோகிறது. அது யாருடைய மார்புக்குள் இறங்குகிறது என்று எழுதுங்கள். இருமலை எழுதுங்கள். மழைநாளில் ஈர விறகோடு மல்லுக்கட்டுபவளின் வசவை எழுதுங்கள். குழம்பின் மணத்துக்குக் கொடுக்கும் அதே நான்கு வரியை அதற்கும் கொடுங்கள். விறகடுப்பின் ருசியை இன்றும் கொண்டாட விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல்: தாராளமாகக் கொண்டாடுங்கள். ஊதாங்குழலை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.